ஸ்கூல்ல பெரிய ஆளா இருந்தவங்கதான் கடைசிவரைக்கும் பெரிய ஆளா? இலங்கை மலையகத்து (தேயிலைத் தோட்டப் பக்கம்) ஆளுங்க சொல்லுங்க

#1 மேல்டிவிசன்

எங்க ஸ்கூல் பெச் (ஒண்ணாப் படிச்சவங்க) வட்ஸ்அப் குரூப்புல போன கிழமை ஒரு கூத்து. பழைய மாணவர் சங்கத்துக்கு ஆள் தெரிவு செய்யணும்னு பேச்சு வந்துச்சு. ஒரு நிமிசம் ஆகல. அந்தக் காலத்து சிரேஷ்ட மாணவத் தலைவன் தலைவர், இல்லங்களுக்கிடையிலான விளையாட்டுப் போட்டியில கொடி தூக்கிட்டுப் போனவன் செயலாளர், டவுன்ல துணிக்கடை வச்சிருந்தவர் மகன் பொருளாளர். ஓ.எல். (பதினோராம் வகுப்புச் சோதனை) எடுத்து இருபது வருசம் தாண்டிருச்சு! அதே பெச்சுல ஒருத்தன் கெம்பஸ்ல விரிவுரையாளர். இன்னொருத்தன் நுவரெலியாவுல இருந்து தம்புள்ளைக்கு மரக்கறி லொறி விட்டு இப்ப சொந்த வாகனங்களே வச்சிருக்கான். ரெண்டு பேரும் குரூப்புல இருக்காங்க. அவங்க பேர யாரும் சொல்லல. அவங்களும் கட்டவிரல் போட்டு சம்மதம் சொல்லிட்டுப் போயிட்டாங்க.

பதினாறு வயசுல வகுப்புல நமக்கு ஒரு இடம் கிடைக்குதே, அது வாழ்க்கை பூரா கூட வருமா? சம்பளம், வீடு வாசல மட்டும் கேக்கல. நாலு பேர் கூடின இடத்துல வாயத் திறக்கிறதா மூடிக்கிறதான்னு இருக்கே, அதையும் சேத்துத்தான் கேக்கிறேன். நான் ஒரு அரச காரியாலயத்துல முகாமைத்துவ உதவியாளர். ஸ்கூல்ல எனக்கு மேல இருந்த ஒருத்தன் கையெழுத்துக்கு வந்து முன்னால நின்னா இப்பவும் என்னையறியாம எழும்பிருவேன். வரிசையில நிக்கிறது அவன், கையெழுத்து என்கிட்ட. ஆனாலும் எழும்புறது நான்தான்.

பாடசாலைப் பேர் மட்டும் போடாதீங்க. சண்டை வரும்.

#2 மஸ்கெலியா மச்சான்

நான் கடைசி வாங்கு (பெஞ்சு). இன்னைக்கும் ஹட்டன் பஸ்ல கடைசி சீட்டுத்தான். வேற சாட்சி வேணுமா?

#3 லிந்துலை வாத்தி

தம்பி மேல்டிவிசன், பதினாறு வயசுல அந்த இடத்த யாரு குடுத்தாங்கன்னு முதல்ல கேக்கணும்.

பத்தனை ஸ்ரீபாத கல்வியியற் கல்லூரியில ஆசிரியர் பயிற்சி எடுத்துட்டு வெளிய வந்தவன் நான். சாக்கட்டி பிடிச்சே தலை நரைச்சாச்சு. ஆறாம் வகுப்புக்குப் புள்ளைங்க புதுசா வர்ற அன்னைக்கு வகுப்பாசிரியர் இடாப்பு (வரவுப் பதிவேடு) எழுதுவார். "அப்பா என்ன தொழில்?" "தோட்டத்துல சேர்." "தோட்டத்துலன்னா? ஸ்டாப்பா, லேபரா?" முழு வகுப்பும் கேட்டுக்கிட்டு இருக்கும். புள்ள தலையக் குனிஞ்சுக்கிட்டு "லேபர்" னு சொல்லும். முன் வாங்கு யாருக்கு, கொப்பி அள்ளிக்கிட்டு ஸ்டாப் ரூமுக்குப் போற ஆள் யாரு, கல்விப் பணிப்பாளர் வந்தா வரவேற்புரை யாரு, எல்லாம் அந்த இடாப்புலயே பாதி முடிவாயிரும்.

கெட்ட எண்ணத்துல செஞ்சதுன்னு சொல்ல மாட்டேன். சுத்தமா வந்து நிக்கிற புள்ளயத்தான் கை காட்ட வரும், மனுசப் புத்தி அப்படி. டவுன் புள்ள தார் ரோட்டுல வருது. மேல் டிவிசன் (தோட்டத்து மேல் பிரிவு) புள்ள மலைக்குக் குறுக்கால, கொழுந்து எடுக்கிற பாதையில இறங்கி வருது. வெள்ளைச் சப்பாத்து சிவப்பு மண்ணாயிரும். கேட்டுக்கு வெளிய மதகுல உக்காந்து, சாக்கட்டிய எச்சில்ல நனைச்சு சப்பாத்துல பூசிக்கிட்டுத்தான் உள்ள வரும். பூசினது காயிறதுக்குள்ள மழை பிடிச்சிச்சுன்னா பால் மாதிரி வடிஞ்சு காலுறை பூரா திட்டுத் திட்டா நிக்கும். அப்படி வந்த புள்ள காலைக் கூட்டத்துல பின் வரிசையாப் பாத்துத்தான் போய் நிக்கும். மாணவத் தலைவர் தெரிவுக்கு நாங்க உக்காரும்போது, பின் வரிசையில நிக்கிற முகம் எங்களுக்கு எங்க ஞாபகம் வரும்?

தோட்டத்துல மேல துரை (மனேஜர்), பெரிய கிளாக்கர், கண்டாக்கையா, கணக்கப்பிள்ளை, கங்காணி, அதுக்குக் கீழ ஆளுங்க. அந்த ஏணிய அப்படியே வகுப்புக்குள்ள கொண்டாந்து சாத்தி வச்சிருந்தோம். எழுபதுகள்ல தோட்டப் பாடசாலைகள அரசாங்கம் பொறுப்பேக்கத் தொடங்கினதுக்கு முன்ன அது துரையோட ஸ்கூல். ஒரு மண்டபம், ஒரு வாத்தியார், அஞ்சாம் வகுப்போட சரி. அரசாங்கம் எடுத்த பிறகும் அந்தப் பழக்கம் ஒரு தலைமுறைக்கு மேல ஓடுச்சு.

உங்க சிரேஷ்ட மாணவத் தலைவன் இன்னைக்கும் முன்னுக்கு நிக்கிறான்னா அது பேட்ஜோட சக்தியா, அவங்க அப்பாவோட சக்தியான்னு பிரிச்சுப் பாக்கணும்.

#4 கணக்கப்பிள்ளை மகன்

சேர் சொன்னத மறுக்கல. எங்க பக்கமும் கொஞ்சம் கேளுங்க.

பின்னேரம் லயத்து (தொழிலாளர் வரிசை வீட்டு) பையன்கள் மைதானத்துல பந்தடிக்கும்போது நான் குவார்ட்டர்ஸ் ஜன்னல்ல நின்னு பாத்துக்கிட்டு இருப்பேன். போக விட மாட்டாங்க. காலையில பெரட்டுல (வேலைக்கு ஆள் பிரிக்கிற இடத்துல) அவங்க அப்பாவுக்கு அரைப் பேர் (அரை நாள் சம்பளம்) போட்டவர் எங்க அப்பா, பின்னேரம் நான் போய் எப்படி அவங்களோட விளையாடுறது? டவுன் பையன்கள் என்னத் தோட்டம்னாங்க. தோட்டத்துப் பையன்கள் ஸ்டாப்புனாங்க. முன் வாங்குல இருந்தேன், பக்கத்துல ஆள் இல்ல.

அப்பா ஓய்வு எடுத்ததும் குவார்ட்டர்ஸ விடச் சொல்லிட்டாங்க. அதுதான் சட்டம், குறை சொல்லல. நாவலப்பிட்டியில வாடகை வீட்டுக்கு இறங்கினோம். லயமும் லயத்துச் சனத்துக்குச் சொந்தமில்லன்னு எனக்குத் தெரியும். ஆனா வீட்டுல ஒருத்தர் தோட்டத்துல பேர் பதிஞ்சு வேலை செய்யிற வரைக்கும் காம்பராவுல இருக்கலாம். எங்களுக்கு அதுவும் இல்ல. என் கூடப் படிச்ச லயத்துப் பையன் இன்னைக்கு 7 பேர்ச்சஸ் காணியில தனி வீட்டுல இருக்கான். நான் இன்னும் வாடகைதான்.

ஸ்கூல்ல எனக்குக் கிடைச்ச மரியாதை எல்லாம் அப்பா சட்டைப் பையில குத்தியிருந்த செக்ரோல் (வேலையாள் பேர் பதியிற ஏடு) பேனைக்குக் கிடைச்சது. அவர் பேனைய எடுத்து வச்ச மாசமே டவுன்ல எனக்கு வணக்கம் சொல்ற ஆள் குறைஞ்சு போச்சு.

#5 மஸ்கெலியா மச்சான்

அண்ணே, எங்கப்பாவுக்கு அரைப் பேர் போட்டது உங்கப்பாவா இருந்தா, அந்த மிச்ச அரை நாள் சம்பளத்த வட்டியோட அனுப்பி வைங்க. மத்தபடி கோவம் இல்ல. அடுத்த தடவ பந்தடிக்க வாங்க.

#6 ஆய்வுப்பூச்சி

நான் ஆராய்ச்சிக் கட்டுரை படிச்சே கண்ணக் கெடுத்துக்கிட்டவன். இந்தக் கேள்விய வெளிநாட்டுல பெரிசா ஆராய்ஞ்சிருக்காங்க.

அமெரிக்காவுல விஸ்கொன்சின் மாநிலத்துல 1957ல பள்ளி முடிச்ச 10,000க்கும் மேல பேர வாழ்க்கை பூரா பின்தொடர்ந்தாங்க. அந்தத் தரவுல, உன் நெருங்கின கூட்டாளி மூணு பேர் வரைக்கும் சொல்லுன்னு கேட்டது பதிவாகியிருக்கு. 2013ல வந்த ஒரு கட்டுரை, பையன்கள மட்டும் எடுத்து, ஒருத்தன் பேர எத்தன பேர் சொன்னாங்கன்னு எண்ணி, 35 வருசம் கழிச்சு அவன் வாங்கின சம்பளத்தோட பொருத்திப் பாத்துச்சு. கூடுதலா ஒருத்தன் பேர் சொல்லியிருந்தா சம்பளம் 2 வீதம் அளவுல கூட. எப்படிப்பட்ட பையனுக்குக் கூட்டாளி அதிகம்னும் பாத்தாங்க. சின்ன வயசுல வீட்டுச் சூழல் இதமா இருந்தவனுக்குத்தான். வாத்தி சேர் கேட்ட "பேட்ஜா, அப்பாவா" அங்கயும் வந்து நிக்குது.

இன்னொண்ணு வேர்ஜீனியாவுல. 184 பிள்ளைகள 13 வயசுல இருந்து 23 வயசு வரைக்கும் பாத்தாங்க, 2014ல வெளியிட்டாங்க. 13 வயசுல காதல், சின்னச் சின்னக் களவு, அழகான கூட்டாளிகள மட்டும் சேத்துக்கிட்டு ஹீரோவா சுத்தினவங்க, இருபது தாண்டினதும் மத்தவங்களோட பழகுறதுல பின்தங்கி, குடி போதைப் பிரச்சினையிலயும் கூடுதலா மாட்டியிருந்தாங்க. அதே ஆராய்ச்சிக்காரங்க 2017ல இன்னொண்ணு போட்டாங்க: 15 வயசுல ஊர் பூரா பிரபலமா இருந்தவங்க 25 வயசுல நாலு பேருக்கு நடுவுல கூடுதலாப் பதட்டப்பட்டாங்க. ஒரே ஒரு உறுதியான சிநேகம் இருந்தவங்களுக்குப் பதட்டமும் மனச்சோர்வும் குறைவு.

இதெல்லாம் பிள்ளைகளே பிள்ளைகளுக்குக் குடுத்த இடம். நம்ம ஊர்ல இடம் குடுத்தது வாத்தியார்மார். ஆகையால அந்தக் கணக்க அப்படியே இங்க கொண்டாந்து போட முடியாது.

#7 பசறை அக்கா

எல்லாரும் ஆம்பளப் புள்ளைங்க கதையாவே சொல்றீங்க.

நான் பெண்கள் பக்கத்துத் தலைவி. பேட்ஜ், டை, ரெட்டைப் பின்னல், வெள்ளை ரிப்பன். ஏ.எல். (பல்கலைக்கழகம் போறதுக்கான சோதனை) ரெண்டாம் தடவையும் சரி வரல. கலியாணம் பேசிட்டாங்க. லுணுகலைப் பக்கம் இன்னொரு தோட்டத்துக்குப் போனேன். அங்க நான் யாரு? புது மருமகள். நான் ஸ்கூல்ல என்னவா இருந்தேன்னு ஒரு சனத்துக்கும் தெரியாது, தெரிஞ்சுக்கவும் வேணாம். ஆம்பளைங்களுக்கு ஸ்கூல் பேர் கூடவே வரும். எங்களுக்கு சீரோட சேத்து அனுப்ப மாட்டாங்க.

ஒண்ணு மட்டும் நின்னுச்சு. ஒன்பதாம் வகுப்புல இருந்தே தமிழ்த்தினப் போட்டிக்குப் பேச்சுக்கு என்னத்தான் அனுப்புவாங்க. வலயம் வரைக்கும் போயிருக்கேன். கலியாணம் முடிஞ்சு சில வருசம் கழிச்சு எங்க தோட்டத்துல ஒரு பிரச்சினை. மழை நாள்ல தண்ணிக் கொழுந்துன்னு சொல்லி தராசடியில கிலோ கிலோவாக் கழிச்சாங்க. கேக்கப் போன பொம்பளைங்க எல்லாம் ஒபீஸ் வாசல்ல நின்னுட்டு என்ன முன்னால தள்ளிட்டாங்க. பேசினேன். கை நடுங்குச்சு, குரல் நடுங்கல. கழிக்கிறத நிப்பாட்டல, ஆனா எவ்வளவு கழிக்கிறாங்கன்னு துண்டுல எழுதிக் குடுக்க ஒத்துக்கிட்டாங்க.

அந்தக் குரல் ஸ்கூல் குடுத்ததுதான். ஆனா ஏன் எனக்குக் குடுத்துச்சு? எங்கப்பா கங்காணி. என் வகுப்புல இன்னொருத்தி இருந்தா. மலையில நின்னு அவ பேர் சொல்லிக் கூப்பிட்டா ஸ்டோருக்கு (தேயிலைத் தொழிற்சாலைக்கு) கேக்கும், அப்படி ஒரு தொண்டை. அவள ஒரு தடவகூட மேடையில ஏத்தல. அவ குவைத்துக்குப் போய் அம்மா அப்பாவுக்கு வீடு கட்டிக் குடுத்தா. இப்ப ஊருக்கு வந்தா எல்லாரும் அவள "வாங்க வாங்க" ன்னு கூப்பிடுறாங்க. ஆனா கோயில் கூட்டத்துல ரெண்டு வார்த்தை பேசச் சொன்னா என் கையப் பிடிச்சு "நீ பேசுடி" ங்கிறா.

#8 புறக்கோட்டை

ஓ.எல். எழுதின கையோட கொழும்புக்கு உடரட்ட மெனிக்கே ரயில்ல ஏறினவன் நான். புறக்கோட்டை குறுக்குத் தெருவுல ஒரு மொத்தக் கடை. முதலாளி எந்தூருன்னார். பண்டாரவளைப் பக்கம்னேன். "ஓ, தோட்டமா" ன்னார். அன்னையில இருந்து கடையில என் பேர் தோட்டம். "டேய் தோட்டம், மேல இருந்து பெட்டிய இறக்கு."

அடுத்த வருசம் எங்க ஸ்கூல் சிரேஷ்ட மாணவத் தலைவன் பக்கத்துக் கடைக்கு பில் எழுத வந்தான். வெள்ளை சேர்ட், நல்ல இங்கிலிஷ் கையெழுத்து. மதியமே அவனுக்கும் தோட்டம்னு பேர் வச்சிட்டாங்க. தோட்டக்காட்டான்னு இன்னும் மோசமாச் சொன்னவனும் இருந்தான். மேல இருந்து பாக்கிறவனுக்கு ஸ்டாப்பும் லேபரும் ஒண்ணுதான்! அவங்க வீட்டு குவார்ட்டர்ஸ், அப்பா பேனை, கழுத்துல தொங்கின டை, எதுவும் கோட்டை ஸ்டேசன் தாண்டல.

எனக்கு அது பழகின சத்தம். ஸ்கூல்லயே என்ன யாரும் பேர் சொல்லிக் கூப்பிட்டதில்ல. அவனால தாங்க முடியல. மாசம் முடியிறதுக்குள்ள ஊருக்குப் போயிட்டான். நான் நின்னேன். இப்ப எனக்குச் சொந்தமா பிளாஸ்டிக் சாமான் மொத்தக் கடை இருக்கு.

இத வச்சு "கடைசி வாங்குதான் கடைசியில ஜெயிக்கும்" னு யாரும் எழுதாதீங்க. என்னோட அதே ரயில்ல வந்தவங்க நிறையப் பேர் இன்னும் அதே தெருவுல மூட்டை தூக்குறாங்க, இப்ப முதுகும் போச்சு. நான் தப்பினதுக்கு என் கெட்டித்தனம் பாதி. மிச்சப் பாதி, ஒரு முதலாளி வயசாகி கடைய விக்கும்போது தவணையில தந்ததுதான்.

#9 மஸ்கெலியா மச்சான்

சரியான பேச்சு. நான் ஜெயிக்கலன்னு ஏற்கெனவே சொன்னேன்.

#10 ஹப்புத்தளை காத்து

சேர் சப்பாத்தச் சொன்னார், உயரத்த விட்டுட்டார். எங்க ஸ்கூல்ல மாணவத் தலைவர், பேண்ட் லீடர், கெடட், அணிநடைக்கு முன் வரிசை, எல்லாம் உயரம் பாத்துத்தான். நான் கட்டை. எங்க லயத்துல எல்லாருமே கட்டை. ரொட்டியும் சாயத் தண்ணியும் குடிச்சு வளந்த உயரம் அவ்வளவுதான்.

கதையில்ல இது. 2016 சுகாதார ஆய்வுல, 5 வயசுக்குக் குறைஞ்ச பிள்ளைகள்ல வயசுக்கேத்த உயரம் இல்லாதவங்க நாட்டுக்கே 17.3 வீதம். தோட்டப் புறத்துல மட்டும் 31.7 வீதம். மூணுக்கு ஒரு புள்ள. அதுங்கள வரிசையில பின்னால நிப்பாட்டிட்டு "தலைமைத்துவப் பண்பு இல்ல" ன்னு எழுதுவாங்க.

#11 ஆய்வுப்பூச்சி

காத்து, நீங்க சொன்னதுக்குப் பக்கத்துலயே ஒரு ஆராய்ச்சி இருக்கு. உயரமானவங்களுக்குச் சம்பளம் கூடன்னு முன்னமே தெரியும். அமெரிக்கா, பிரித்தானியாத் தரவ வச்சு 2004ல மூணு பொருளியலாளர்கள், எந்த வயசு உயரம்னு பிரிச்சுப் பாத்தாங்க. பெரியவனான பிறகு இருக்கிற உயரம் பெரிசா ஒண்ணும் பண்ணல. 16 வயசுல இருந்த உயரம்தான் கணக்கு. அப்ப கட்டையா இருந்து பிறகு வளந்தவனுக்கு அந்தக் கூடுதல் சம்பளம் இல்ல. காரணத்துல ஒரு பங்கு, அந்த வயசுல உயரமானவன் விளையாட்டு அணியிலயும் கழகங்கள்லயும் சேந்து பழகினதுன்னு சொன்னாங்க. பசறை அக்காவோட பேச்சுப் போட்டி மாதிரி.

#12 மேல்டிவிசன்

அப்போ எல்லாம் வீடு, அப்பா, உயரம். ஸ்கூலுக்கு ஒரு வேலையும் இல்லையா? நான் சொன்ன விரிவுரையாளர் மேல் டிவிசன் லயத்துப் பையன், என் லயத்துக்கு அடுத்த லயம். அவங்க அப்பா தேயிலைச் செடி கவ்வாத்து வெட்டினவர். அவன யார் தூக்கி விட்டது?

#13 லிந்துலை வாத்தி

சோதனை தூக்கி விட்டது. இடாப்பு கேக்கிற கேள்விய சோதனைத் தாள் கேக்கிறதில்ல. நம்ம சனத்துக்கு இந்த நாட்டுல கொஞ்சமாவது கண்ண மூடிக்கிட்டுப் பாத்தது அது ஒண்ணுதான்.

அதையும் முழுக்கப் புகழ மாட்டேன். பல்கலைக்கழக அனுமதியில 40 வீதம் நாடளாவிய திறமை, 55 வீதம் மாவட்டம், 5 வீதம் பின்தங்கிய மாவட்டங்களுக்கு. நுவரெலியாவும் பதுளையும் அந்தப் பின்தங்கின பட்டியல்ல இருக்கு. கேக்க நல்லாத்தான் இருக்கு. ஆனா தமிழ் மூலத்துல ஏ.எல். விஞ்ஞானம், கணிதம் ஒழுங்கா நடக்கிற பாடசாலை நம்ம பக்கம் எத்தன? புள்ள கெட்டிக்காரியா இருந்தாலும் பக்கத்துல கலைப் பிரிவுதான் இருக்குன்னா கலைக்குத்தான் போகும். வெளி மாவட்டத்துல இருந்து வந்து இங்க பதிஞ்சு சோதனை எடுத்து நம்ம இடத்தக் கொண்டு போற கதையும் எல்லாருக்கும் தெரிஞ்சது.

புறக்கோட்டை தம்பி சொன்னதுல எனக்கு இன்னொண்ணு ஞாபகம் வந்துச்சு. 1947 தேர்தல்ல தோட்டத்துச் சனத்தோட கட்சியான இலங்கை இந்தியன் காங்கிரஸ்ல இருந்து 7 பேர் பாராளுமன்றம் போனாங்க. பிறகு மலையகத் தலைவரான தொண்டமான் ஐயா அதுல ஒருத்தர். அவர் கம்பளையில கல்லூரியில படிச்சவர், அப்பா வேவண்டன் தோட்டத்துக்கே சொந்தக்காரர். அப்ப ஏணியோட உச்சி அது. அடுத்த வருசமே பிரசாவுரிமைச் சட்டம் வந்துச்சு. கங்காணி வீடு, ஆள் வீடுன்னு அது பிரிச்சுப் பாக்கல, எல்லாரையும் ஒரே அடியா பிரசாவுரிமைக்கு வெளிய தள்ளுச்சு. பிறகு 1949ல வந்த சட்டம், பிரசாவுரிமை வேணும்னா கலியாணம் முடிச்சவங்க 7 வருசம், முடிக்காதவங்க 10 வருசம் தொடர்ந்து இங்க இருந்ததுக்கு அத்தாட்சி கொண்டா, வருமானத்தக் காட்டுன்னு கேட்டுச்சு. கடதாசி யார்கிட்ட இருந்துச்சு? எழுதப் படிக்கத் தெரிஞ்சவன் வீட்டுப் பெட்டியில. வெளிய இருந்து பாத்தா நாம எல்லாம் ஒண்ணு. அடி விழுந்த பிறகு எழும்புறதுக்கு மட்டும் பழைய ஏணி உதவுது. ஸ்கூல் கதையும் எனக்கு அப்படித்தான் தெரியுது.

#14 கணக்கப்பிள்ளை மகன்

சேர், கடைசி வரிய ஏத்துக்கிறேன். கொழும்புல இருந்து ஓடிப் போனானே ஒரு மாணவத் தலைவன், அந்த மாதிரி ஒருத்தன எனக்கும் தெரியும். ஊருக்கு வந்து சும்மா இருக்கல. அப்பாவுக்குத் தெரிஞ்ச ஒருத்தர் மூலமா ஒரு வேலை அமைஞ்சிருச்சு. லயத்துப் பையன் ஓடி வந்திருந்தா மலைக்குத்தான் போயிருக்கணும். எனக்குக் குவார்ட்டர்ஸ் போச்சுன்னு அழுதேன். வேலை தேடும்போது அப்பா எழுதித் தந்த கடிதம் என் பையில இருந்துச்சு, அதச் சொல்லாம விட்டா நியாயமில்ல.

#15 அக்கரப்பத்தனை அம்மா

வணக்கம். நான் எழுதினதில்ல, வாசிக்கிறது மட்டும்தான். என் மகள் அஞ்சாம் வகுப்புப் புலமைப்பரிசில் சோதனையில வெட்டுப்புள்ளிக்கு மேல எடுத்திருக்கா. ஆறாம் வகுப்புக்கு டவுன் ஸ்கூல்ல இடம் கிடைக்கும்னு சொல்றாங்க. நான் கொழுந்து எடுக்க மலைக்குப் போறவ. அவ அப்பா கொழும்புல ஹோட்டல் வேலை.

இங்க தோட்ட ஸ்கூல்ல அவதான் முதலாம் பிள்ளை, வகுப்புத் தலைவி, மணி அடிக்கிறதே அவதான். அங்க போனா ஸ்டாப்பா லேபரான்னு கேப்பாங்கன்னு சேர் எழுதினத வாசிச்சதும் வயித்தக் கலக்குது. அங்க போய் அவ பின்னுக்குப் போயிட்டா? இங்கயே ஓ.எல். வரைக்கும் இருக்கட்டுமா? உங்க எல்லாருக்கும் தெரியுது, அதான் கேக்கிறேன்.

#16 ஆய்வுப்பூச்சி

அம்மா, உங்க பயத்துல அர்த்தம் இருக்கு. கெட்டிக்காரப் பிள்ளைகள் கூடுதலா இருக்கிற ஸ்கூலுக்குப் போனா, அதே திறமை உள்ள பிள்ளையும் தன்னக் குறைவா நினைக்கத் தொடங்கும்னு அவுஸ்திரேலியாவுல மார்ஷ்னு ஒரு உளவியலாளர் 1980கள்ல இருந்தே காட்டியிருக்கார். ஆனா இங்கிலாந்துல பெருந்தொகைப் பிள்ளைகள வச்சு 2020ல வந்த ஒரு கட்டுரை, ஆரம்ப வகுப்புல முதல் இடங்கள்ல இருந்த பிள்ளை பெரிய ஸ்கூல்ல புது ஆட்களோட சேந்த பிறகும் அதே புள்ளி எடுத்த மத்தவங்கள விட நல்லாச் செய்யுதுன்னு சொல்லுது. நாம கெட்டிக்காரிங்கிற நினைப்பு கூடவே போகுதாம். உங்க மகள் அஞ்சு வருசம் மணி அடிச்சிருக்கா, அத யாரும் பறிக்க முடியாது.

#17 பசறை அக்கா

தங்கச்சி, அனுப்புங்க. ஆனா தனியா அனுப்பாதீங்க. உங்க தோட்டத்துலயோ பக்கத்துத் தோட்டத்துலயோ அதே ஸ்கூலுக்குப் போற இன்னொரு பொம்பளப் புள்ள இருக்கான்னு விசாரிங்க. மேல பூச்சித் தம்பி சொன்னாரே, ஒரு சிநேகம் போதும்னு. முதல் தவணை முழுக்க அதுதான் அவளுக்குத் துணை.

இடாப்புல கேட்டா "அம்மா கொழுந்து எடுக்கிறாங்க, அப்பா ஹோட்டல்ல வேலை" ன்னு சொல்லட்டும். வீட்டுலயே ரெண்டு தடவ சொல்லிப் பாக்க விடுங்க. தமிழ்த்தினப் போட்டிக்குப் பேர் கேக்கும்போது கையத் தூக்கச் சொல்லுங்க. கூப்பிடுவாங்கன்னு காத்திருந்தா கூப்பிட மாட்டாங்க.

#18 ஹப்புத்தளை காத்து

முட்டையும் குடுங்க அம்மா. முடிஞ்ச நாளெல்லாம்.

#19 லிந்துலை வாத்தி

அம்மா, போய் ரெண்டு விசயம் பாருங்க. அந்தப் பாடசாலையில ஏ.எல். விஞ்ஞானம், கணிதம் தமிழ்ல இருக்கா? இருக்குன்னா ஆசிரியர் இருக்காங்களா, இல்ல பலகையில மட்டும் இருக்கா? இது ரெண்டும் சரின்னா மத்த எதுக்கும் யோசிக்காதீங்க. உங்க தோட்ட ஸ்கூல்ல ஓ.எல். வரைக்கும் இருந்துட்டுப் பிறகு மாத்தலாம்னு நினைச்சா, அப்ப இடம் கிடைக்கிறது கஷ்டம்.

பெறுபேற்றுக் கடதாசி, பிறப்புச் சான்றிதழ், கிராம சேவகர்கிட்ட வதிவிடச் சான்று, மூணும் மூலப் பிரதியோட கொண்டு போங்க. வருமானம் குறைஞ்ச குடும்பத்துப் புள்ளைக்கு மாசாந்தம் புலமைப்பரிசில் பணம் இருக்கு, அதுக்கு விண்ணப்பத்தயும் அப்பவே கேளுங்க. வார நாள்ல காலையில போங்க. ஒரு நாள் சம்பளம் போகும்தான்.

எங்க ஸ்கூல்ல இப்ப இடாப்பு எழுதும்போது தொழில் விசயத்தப் பெற்றோர்கிட்ட தனியாத்தான் கேக்கிறோம். இளம் ஆசிரியை ஒருத்தர் கொண்டு வந்த ஏற்பாடு. அவரும் லயத்துல இருந்து வந்தவர்தான். மாணவத் தலைவர் தெரிவுக்கும் வகுப்புல வாக்கு எடுக்கணும்னு சண்டை பிடிச்சுக்கிட்டு இருக்கார். அதிபர் இன்னும் ஒத்துக்கல.

#20 அக்கரப்பத்தனை அம்மா

ரொம்ப நன்றி சேர், அக்கா, தம்பிமார். செவ்வாய்க்கிழமை போறேன். கீழ் டிவிசன்ல ஒரு புள்ள அதே ஸ்கூலுக்குத்தான் போகுதாம், அவங்க அம்மாவும் கூட வர்றாங்க. பஸ்ஸ நம்பினா முதல் பாடம் முடிஞ்சிரும். வேன் ஏதும் ஓடுதா?

#21 மஸ்கெலியா மச்சான்

அக்கா, உங்க பக்கத்துல இருந்து டவுனுக்கு ஸ்கூல் வேன் ஓட்டுற ஒருத்தர எனக்குத் தெரியும். நம்பர உள்பெட்டியில போடுறேன். நேரத்துக்கு வருவார், காசும் மாசக் கடைசியில குடுத்தாப் போதும். முன் சீட்டு மட்டும் கேக்காதீங்க. அது அவர் மகளுக்கு.